பெயர் வாசிப்பு

"அப்பாவின்ர பேரை வெட்டுங்கோ. வெட்டிப்போட்டு அம்மாவின்ர பேரை எழுதுங்கோ."

சொல்லிவிட்டேன். காலையில் பூசைக்கு வெளிக்கிடும்போதுகூட அம்மா இதைக் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் விட்டிருந்தார். "என்ன வேணுமெண்டாலும் கேள் டிலோஜினி. அப்பாவின்ர பேரிலை மட்டும் கை வைச்சிடாதை."

யாகப்பர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். பதினாறு வருடமாக எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் மாதக் கூட்டம். ஆண்கள் உள்ளே கதிரைகளில். பெண்கள் வெளியே, கடற்பக்கத்து ஜன்னல்களில். உள்ளே வரக்கூடாது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வந்ததில்லை. ஏதாவது சொல்ல இருந்தால் ஜன்னலுக்குக் கிட்ட இருக்கிற ஆணிடம் குசுகுசுப்பார்கள். அவர் எழும்பி அதைத் தன்னுடைய கதையாகச் சொல்வார். நான் உள்ளே இருந்தது செயலாளரின் மேசையில். ஆறு மாதமாகச் சங்கத்தின் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றிக்கொடுக்கிறேன். அந்த வேலைக்கு மட்டும் பெண்பிள்ளை உள்ளே வரலாம்.

சற்று முன்னர்தான் யாகப்பர் வழக்கம்போலப் பெயர் வாசித்துக்கொண்டு வந்தார். "பஸ்ரியன்" என்றார். "ஓம்" என்றார் றோய் சித்தப்பா.

பஸ்ரியன் என் அப்பா. செத்து ஏழு வருடம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வள்ளம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்வரை அதன் உடையவர் செத்தாலும் பெயரை வெட்ட மாட்டார்கள். தம்பியோ மைத்துனனோ எழும்பி "ஓம்" சொல்வார். வாக்கெடுப்பு வந்தால் இரண்டு கையையும் உயர்த்துவார். ஒன்று தனக்கு, மற்றது செத்தவருக்கு. ஆண்துணை போன வீட்டு வள்ளத்துக்குத் துறையில் இடம் போய்விடக்கூடாது என்ற இரக்கத்தில் தொடங்கிய வழக்கம்தான். மறுக்கவில்லை. அப்பா போன முதல் வருடம் அந்த இரக்கம் இல்லாவிட்டால் நாங்கள் பட்டினி கிடந்திருப்போம். ஆனால் ஏழு வருடம் நீடிக்கிற இரக்கத்துக்கு வேறு பெயர் இருக்க வேண்டும். சித்தப்பா வள்ளம் ஓட்டுகிறார். வலை, எஞ்சின், ஆட்கள் எல்லாம் அம்மாதான் பார்க்கிறார். வலையிலிருந்து நண்டு கழற்றிக் கழற்றி அம்மாவின் விரல்களில் ரேகை பாதி அழிந்துபோயிற்று. சங்கத்தில் அவர் ஓர் அங்கத்தவர்கூட இல்லை.

நான் படிப்பது தலைமைத்துவமும் குடியியல் ஈடுபாடும். எங்கள் வீட்டிலிருந்து கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். நாலு வருடமாக ஊராருக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் நீண்டது. "உதைப் படிச்சு என்ன உத்தியோகம்?" "எந்த நாட்டுக்குத் தலைவியாப் போறாய்?" ஆசிரியையாக வந்திருக்கலாம், தாதியாக வந்திருக்கலாம் என்று பூசைக்குப் போகிற வழியெல்லாம் கணக்குச் சொன்னார்கள். கடைசி வருடத்துக்கு ஒரு சமூக அமைப்புடன் ஆறு மாதம் வேலை செய்து, அதன் தலைவரிடம் கடிதம் வாங்கி அறிக்கையுடன் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் பட்டம் ஒரு வருடம் பிந்தும். சொந்தக் கரைதானே, லேசு என்று நினைத்து வந்தேன்.

அறுபத்துமூன்று பெயர்களைத் தட்டி ஏற்றியபோது பதினொரு பேர் செத்துச் சவக்காலையில் இருப்பது தெரிந்தது. என்னுடன் படிக்கும் முஸ்பிராவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "என்னடி, உங்கட சங்கத்திலை மையத்துகளும் வோட்டுப் போடுதோ?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு பங்குனி மாதக் கூட்டக் குறிப்பை எடுத்தேன். பெண்கள் நிழலில் இருந்து நண்டு கழற்றுகிற கொட்டிலைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தை ஐஸ் அறை கட்ட வந்தவர்களுக்குக் கொடுப்பதா என்று வாக்கெடுப்பு. ஓம் என்று முப்பத்தைந்து, இல்லை என்று இருபத்தெட்டு. பதினொரு செத்தவர்களும் ஓம் பக்கம். அவர்களைக் கழித்தால் கொட்டில் நின்றிருக்கும்.

அம்மாவின் தலைக்கு மேலிருந்த கூரையைப் பிடுங்க அப்பா கை உயர்த்தியிருந்தார்.

சித்தப்பாவிடம் கேட்டேன். "எல்லாரும் உயர்த்தினவை. நானும் ரெண்டையும் உயர்த்திப்போட்டன்" என்றார். கொட்டில் போன நாள் தொடக்கம் பெண்கள் வெயிலில் இருந்துதான் நண்டு கழற்றுகிறார்கள்.

"பிள்ளை, இது கம்பஸ் இல்லை" என்றார் யாகப்பர்.

"தெரியும். கம்பஸிலை செத்த ஆக்களுக்குச் சோதினை வைக்கிறேல்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார். யாகப்பர் கோபப்படவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் பேனையை வைத்தார். என் கடிதம்.

"இப்பவே வைச்சுத் தாறன் கையெழுத்து. எங்கட கரையிலையிருந்து பட்டம் எடுக்கிற முதல் பொம்பிளைப்பிள்ளை நீ. எங்களுக்கும் பெருமைதான்."

உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"ஆனா கேட்டதைத் திருப்பி எடு. பேரை வெட்டினா வள்ளத்துக்குத் துறையிலை இடமில்லை. புது ஆளைச் சேர்க்கிறது வருசக் கூட்டத்திலை. அது தை மாசம். அதுவரைக்கும் கொம்மா வள்ளத்தைத் தலையிலை வைச்சுக்கொண்டோ திரியிறது?"

"சங்கத்தின்ர யாப்பிலை, அங்கத்தவர் எண்டா தொழில் செய்யிற ஆள் எண்டுதான் கிடக்கு. ஆம்பிளை எண்டு ஒரு இடத்திலையும் இல்லை. நான்தான் டைப் பண்ணினனான். நான் கேட்டதைக் குறிப்பிலை எழுதுங்கோ."

"அங்கத்தவர் இல்லாத ஆக்கள் கேட்கிறதை எழுதிற வழக்கமில்லை." கண்ணாடியைச் சரிசெய்தார். "நீ கேட்கேல்லை, நாங்கள் கேள்விப்படேல்லை. முதல்லையிருந்து வாசிப்பம்."

வாசித்தார். ஒவ்வொரு "ஓம்" ஆக நெருங்கி வந்தது. நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. காலையில் அம்மா சொன்னது அவ்வளவுடன் முடிந்திருக்கவில்லை. சேலைக்கு ஊசி குத்திக்கொண்டே சொன்னார்: "மாசத்திலை ஒருக்கா எண்டாலும் அந்த மனுசன்ர பேரை ஆராவது வாய்விட்டுக் கூப்பிடினம். அதையும் இல்லாமப் பண்ணப்போறியோ?" ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"பஸ்ரியன்."

சித்தப்பா எழும்பினார். வாய் திறந்தது. அவரது கண் ஜன்னல் பக்கம் போய் அங்கேயே நின்றது.

"அவர் செத்திட்டார்."

அம்மாவின் குரல். யாருடைய காதிலும் குசுகுசுக்காமல் மண்டபத்துக்கு நேரே சொன்னார். சோளகக் காற்று ஜன்னல் கதவை அடித்தது. அம்மா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு வருசம். அந்த மனுசன் உயிரோடை இருந்தா எங்கட கொட்டிலைப் பிடுங்கக் கை உயர்த்தியிருக்காது. வள்ளத்துக்கு ஆள் நான்தான். அன்ரோனெற் எண்டு கூப்பிடுங்கோ, ஓம் எண்டுறன்."

"அன்ரோனெற், யோசிச்சுக் கதை. நாளைக்கு உன்ர வள்ளம் எங்க நிக்கும்?" என்றார் யாகப்பர்.

"நேற்று நிண்ட இடத்திலை. ஆர் வந்து தள்ளுறதெண்டு பாப்பம்."

சித்தப்பா மெல்ல இருந்தார். இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைகளுக்கடியில் செருகிக்கொண்டார்.

யாகப்பர் என்னைப் பார்த்தார், பிறகு கடிதத்தை. பேனை அதன்மேல் அப்படியே கிடந்தது. நான் கணினியை மூடிப் பைக்குள் வைத்தேன். பைக்குள் வெள்ளிக்கிழமையே நிரப்பி வைத்த சங்கத்தில் சேரப் பதினொரு விண்ணப்பங்கள் இருந்தன, பதினொரு பெண்களின் பெயரில். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவற்றைக் கொண்டு மன்னாருக்கு, சங்கங்களைப் பதிகிற கடற்றொழில் கந்தோருக்குப் போகிறேன். அறிக்கை கடிதம் இல்லாமலே போகட்டும். பட்டம் ஒரு வருடம் பிந்தினால் பிந்தட்டும்.

"கடிதம் வேண்டாமோ, பிள்ளை?"

"வையுங்கோ. நீங்களே வைச்சிருங்கோ."

கதிரைகளுக்கு நடுவே முன்வாசலை நோக்கி நடந்தேன். ஒருவரும் காலை நீட்டவில்லை, ஒருவரும் வழி விடவுமில்லை. வாசலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. ஒரு கழுதை நிழல் தேடி மதிலோடு ஒட்டி நின்றது. ஜன்னலருகே அம்மாவின் பக்கத்தில் நின்ற திரேசம்மா மாமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். அவருடைய மனுசன் மடுத்தீன் செத்து நாலு வருடம்.

பின்னால் யாகப்பர் செருமுவது கேட்டது. தாள் புரண்டது.

"மடுத்தீன்" என்றார்.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

"மடுத்தீன்" என்றார் மறுபடியும், கொஞ்சம் உரத்து.