வாண்டா பிடித்து வைத்த இடம்

காலை ஆறு மணிக்கு வாண்டா குலிக் தன் காரை வீட்டு வாசல் தெருவோரத்திலிருந்து எடுத்தாள். எடுத்த கையோடு, கார் நின்ற இடத்தின் நட்டநடுவில் சமையலறையிலிருந்த கறுப்பு நாற்காலியை இழுத்து வந்து போட்டாள். காரைப் பக்கத்து ஊரில் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பி வந்தபோது நாற்காலி அங்கேயே இருந்தது. அவளுடைய அப்பா செய்த நாற்காலி அது. உயரமான முதுகு, இரும்புக் கனம், ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் எவனாவது காலால் ஓரம் தள்ளிவிட்டு வண்டியை விட்டுவிடுவான் என்பது அறுபத்தோரு வருஷமாகச் செய்லம் ஊரில் இருப்பவளுக்குத் தெரியாதா?

எதிர்வீட்டு நார்பர்ட் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். எழுபத்து மூன்று வயது, மின்கம்பம் ஏறும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். இப்போது தெருவில் நடப்பதற்கெல்லாம் வர்ணனை சொல்வதுதான் வேலை.

"ஒனக்கென்ன பைத்தியமா? அக்டோபர்ல யாராச்சும் காரை எடுப்பாங்களா?"

"தம்பி வர்றான்" என்றாள் வாண்டா.

"லியோனா?"

"எனக்கு வேற எத்தன தம்பி இருக்கான்?"

நார்பர்ட்டுக்கு வாயில் வைத்த காபி உள்ளே போகவில்லை.

மற்ற பதினோரு மாதமும் மாசசூசெட்ஸ் கடற்கரையில் சும்மா கிடக்கிற ஊர்தான் இது. அக்டோபர் பிறந்தால் போதும், பேய் வேஷம் போடுகிற திருவிழாவுக்காக, உலகத்தில் சூனியக்காரிக் கூம்புத் தொப்பி வைத்திருக்கிற அத்தனை பேரும் கிளம்பி வந்துவிடுகிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சூனியம் வைத்தார்கள் என்று சொல்லி பத்தொன்பது பேரை இந்த ஊர் தூக்கில் போட்டது. அதில் ஒருத்தருக்கும் சூனியம் தெரியாது. யாரோ விரலை நீட்டினார்கள், அவ்வளவுதான். அதற்கு வெட்கப்பட வேண்டிய ஊர் இன்றைக்கு அதே பெயரில் டோனட் விற்கிறது. உள்ளூர்க்காரர்கள் செப்டம்பர் கடைசியிலேயே உருளைக்கிழங்கும் காபித்தூளும் வாங்கி அடுக்கிவிட்டு, காரை இருந்த இடத்திலிருந்து அசைக்காமல் இருந்துகொள்வார்கள். அசைத்தால் இடம் போயிற்று, நவம்பரில்தான் திரும்பக் கிடைக்கும்.

லியோனோடு வந்த சண்டையும் இந்தக் கார் நிறுத்துகிற சண்டைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே அக்டோபரில், ஒரு சனிக்கிழமை, அப்பாவை அடக்கம் செய்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து காரில் கிளம்பி வந்த லியோன், எல்லாம் முடிந்து சவப்பெட்டி குழிக்குள் இறங்கிய பிறகு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். வாண்டா அத்தனை உறவுக்காரர்கள் முன்னாலும் விரலை நீட்டினாள். "அப்பனப் பொதைக்கக்கூட ஒனக்கு நேரமில்லியாடா?" என்று கேட்டாள். லியோன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்துவிட்டான்.

ஒரு வருஷம் கழித்து நார்பர்ட்தான் பேச்சுவாக்கில் சொன்னான். அன்றைக்குக் கால்வலி என்று வீட்டிலேயே இருந்தவன், லியோனுடைய நீலக் கார் தெருவில் நாலு தடவை சுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறான். இடம் கிடைக்காமல் ஊருக்கு வெளியே எங்கேயோ விட்டுவிட்டு அங்கிருந்து ஓடியே வந்திருக்கிறான் பாவி. அதைக் கேட்ட ராத்திரி வாண்டாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் போனை எடுக்க வாண்டாவின் வறட்டு கௌரவம் விடவில்லை. எடுக்காமல் எடுக்காமல் ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் எப்படியோ மனசைத் திடப்படுத்திக்கொண்டு கடிதம் எழுதினாள். மன்னிப்பு என்ற வார்த்தை பேனாவில் வரவில்லை. 'வா, உனக்குக் கார் நிறுத்த இடம் பிடித்து வைக்கிறேன்' என்றுதான் வந்தது. லியோனிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. 'மூன்றாவது சனிக்கிழமை, மூணு மணி. இடம் இல்லாவிட்டால் நிற்கமாட்டேன், திரும்பிப் போய்விடுவேன்.'

ஆகவேதான் நாற்காலி. அவனுக்குப் பிடித்த, கறி அடைத்த முட்டைக்கோஸ் சுருளை அடுப்பில் ஏற்றிவிட்டு, விருந்தாளி கார் கண்ணாடியில் வைப்பதற்கு நகராட்சி தருகிற அட்டையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, வாண்டா துடைப்பமும் கையுமாக வாசலில் காவல் நின்றாள்.

பத்தரை மணிக்கு முதல் வம்பு வந்தது. ஒரு பச்சை நிறக் குட்டிக் கார். ஓட்டுகிறவன் வாயில் ரத்தக்காட்டேரிப் பல்.

"அந்த நாற்காலிய எடுத்துக்கலாமா, மேடம்?" என்றான். பல் இடித்ததால் பாதி எச்சில்தான் வந்தது.

"எடுத்தீன்னா கைய ஒடிச்சிருவேன்."

"பத்து மணிக்குப் பொண்டாட்டி புள்ளைங்கள மியூசியத்துகிட்ட எறக்கி விட்டேன் மேடம். அப்பலேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கேன்."

"சுத்து. நல்லா சுத்திப் பாக்க வேண்டிய ஊருதான் இது."

அவன் போனான். அடுத்த வம்பை வீட்டுப் பூனை பட்டனே இழுத்து விட்டது. கன்னங்கரேலென்று தலையணை மாதிரி இருக்கும் பட்டன் வெயிலைத் தேடி வந்து, கறுப்பு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. மேலே மேப்பிள் மரம் சிவப்பு இலையாகக் கொட்டுகிறது. கீழே கறுப்பு நாற்காலி, அதில் கறுப்புப் பூனை, பக்கத்தில் கறுப்பு ஏப்ரன் கட்டித் துடைப்பம் பிடித்த ஒரு பொம்பளை. கதைப் புத்தகத்துச் சூனியக்காரியே எதிரில் நின்றால் போகிறவர்கள் சும்மா போவார்களா? ஒருத்தி நின்று படம் எடுத்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி நின்றாள். மூன்றாவது ஆள் வந்ததும் அது வரிசை ஆகிவிட்டது. அக்டோபரில் இந்த ஊருக்கு வருகிறவர்கள் வரிசையைக் கண்டால் எதற்கு என்று கேட்பதில்லை, முதலில் நின்றுவிடுவார்கள்.

"யம்மா, இது கண்காட்சி இல்ல! கார் நிக்கிற எடம்! கெளம்புங்க!" என்று துடைப்பத்தை ஆட்டினாள் வாண்டா.

கூட்டம் கை தட்டியது. "என்னமா நடிக்கிறாங்க பாரு!" என்றது ஒரு எலும்புக்கூடு.

"நான் நடிக்கலடா எலும்பு. நெசமாவே திட்றேன்."

அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். இருபது பேர் நாற்பது பேரானார்கள். எதிர்ப்படியில் நார்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இளிக்காத நார்பர்ட். வந்து வெரட்டு."

"எதுக்கு வெரட்டணும்? யோசிச்சுப் பாரு. நாப்பது பேரு நிக்கிற எடத்துல எவன் காரை விடுவான்? நாற்காலியவிட இவனுங்கதான் நல்ல காவல். ரெண்டே முக்கால் வரைக்கும் புடிச்சு வை. அப்புறம் கலைச்சு விட்டுக்கலாம்."

வாண்டா யோசித்தாள். கிழவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தவிரவும் வரிசை என்பது அவளுக்குப் புதிதா என்ன? முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். நானூறு பிள்ளைகளை ஒற்றைக் குரலில் சுவரோரமாக நிற்க வைத்திருக்கிறாள். தொண்டையைச் செருமினாள்.

"சரி, கேளுங்க! ஒவ்வொருத்தரா வரணும். பூனைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காரணும். ஒரு உண்மை சொல்லணும். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத உண்மை. பொய் சொன்னா நாற்காலி ஆடும். ஆடுச்சுன்னா கடைசியில போயி நிக்கணும்."

குட்டைக் கால் நாற்காலி எல்லாருக்கும்தான் ஆடியது. அதனால் வரிசை குறையவே இல்லை.

"ஒடம்பு சரியில்லேன்னு ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்தேன்" என்றாள் ஒரு பேய்.

"ஒன் மேனேஜரும் அதையே சொல்லிட்டு வந்து பின்னாடி எங்கயாச்சும் நிப்பாரு, போ."

"எம் பொண்டாட்டி டோனட்டயும் நானே தின்னுட்டேன்" என்றது எலும்புக்கூடு.

"அப்புறமும் ஒடம்புல ஒட்டலியே."

மணி பன்னிரண்டரை ஆனது. பச்சைக் கார் மூன்றாவது தடவை வந்தது. ஓட்டுகிறவன் வாயில் இப்போது பல் இல்லை. முகமும் தொங்கிப்போயிருந்தது. அவன் எதுவும் கேட்கக்கூட இல்லை, நாற்காலியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே போய்விட்டான். லியோன் முகமும் இப்படித்தான் தொங்கியிருக்கும், நாலாவது சுற்றில். தெரு முனையை எட்டி எட்டிப் பார்த்தாள். நீலக் கார் எதுவும் காணோம். நேரம் இருக்கிறது, மூணு மணிக்குத்தானே வருவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வராமலே இருந்துவிட்டால் என்ற நினைப்பு வந்ததும் துடைப்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ஒன்றே கால் இருக்கும். பூசணிக்காய் வேஷம் போட்ட ஒரு அம்மாள் வந்தாள். வேஷம் அத்தனை அகலம், நாற்காலிக்குள் அடங்கவில்லை. பின்னால் நிற்பவர்களையும் மறைத்தது. அந்த அம்மாள் நாற்காலி விளிம்பில் தொத்திக்கொண்டு கேட்டாள்.

"எல்லாரும் ஒங்களுக்குச் சொல்றோமே, நீங்க ஒண்ணு சொல்லுங்களேன்! சூனியக்காரிக்கு ஒரு உண்மையும் கெடையாதா?"

"ஆமா! சொல்லுங்க!" என்றது கூட்டம்.

ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். வாண்டா வாயைத் திறந்தாள். காலையிலிருந்து, ஏன், ஐந்து வருஷமாகத் தொண்டையில் நின்றது அவளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"எங்கப்பா அடக்கத்தன்னிக்கு எந் தம்பி லேட்டா வந்தான். ஊரே பாக்க விரல நீட்டி அசிங்கப்படுத்திட்டேன். அவம்மேல தப்பே இல்ல. எடம் கெடைக்காம சுத்திக்கிட்டு இருந்திருக்கான். தெரிஞ்சும் அஞ்சு வருஷமா ஒரு போன் பண்ணல நான். தப்பு எம்மேலதான். இன்னிக்கு மூணு மணிக்கு வர்றேன்னிருக்கான். அதுக்குத்தான் இந்த நாற்காலி. போதுமா?"

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. பூசணிக்காய் மூக்கை உறிஞ்சினாள். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து வழி விட்டாள்.

வாண்டா கண்ணை ஏப்ரனால் துடைத்துக்கொண்டே, யார் என்று பார்க்காமல் சொன்னாள். "அடுத்த ஆள், ஒக்காருங்க. உண்மையச் சொல்லுங்க."

பூனையை மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தார். குட்டைக் கால் எந்தப் பக்கம் என்று தெரிந்தவர் போல, உடம்பை மறுபக்கம் சாய்த்து உட்கார்ந்தார். நாற்காலி ஆடவில்லை.

"இந்தத் தடவ சீக்கிரமே வந்துட்டேன்க்கா" என்றான் லியோன்.

வாண்டா துடைப்பத்தைக் கீழே போட்டாள். ஆறு வருஷத்தில் அவனுக்கு முன்னந்தலை காலியாகியிருந்தது. அதே தொப்பி.

"காரு எங்கடா?"

"காரே கொண்டு வரல. தபால் அட்டையப் போட்டதுக்கப்பறம் மனசு கேக்கல. மறுபடி லேட்டாயிட்டா? அதான் நேத்தே பாஸ்டன் வந்து தங்கிட்டு, காலைல படகு ஏறிட்டேன். படகுக்கு நாம எடம் தேட வேண்டாம்ல? முக்கால் மணி நேரமா வரிசையில நிக்கிறேன்."

"கூப்பிடக் கூடாதா, மடப்பயலே!"

"குறுக்க போனா அந்தப் பூசணிக்காயம்மா அடிக்க வந்துட்டாங்க."

வாண்டா அவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நடுவில் நசுங்கிய பட்டன் கத்திக்கொண்டு ஓடியது. எதிர்ப்படியில் நார்பர்ட் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினான்.

அப்போதுதான் பச்சைக் கார் நாலாவது தடவையாக வந்தது. லியோன் அதைப் பார்த்தான். ஓட்டுகிறவன் முகத்தையும் பார்த்தான். சட்டென்று எழுந்து, கனத்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக் வீட்டுச் சுவரோரம் வைத்துவிட்டு, "வாங்க சார், விடுங்க" என்று கையைக் காட்டினான்.

"டேய்! அது ஒனக்குப் புடிச்சு வச்ச எடம்டா!"

"தெரியும்க்கா. அதான் குடுக்கறேன். எத்தனாவது சுத்து சார்?"

"நாலு" என்றான் பச்சைக் கார்க்காரன்.

அவனுக்குக் காரைப் பின்னால் எடுத்து நிறுத்தத் தெரியவில்லை. நாற்பது பேய்களும் ஆளுக்கொரு திசை சொல்ல, ஒரு வழியாக ஏழாவது முயற்சியில் நின்றது. வாண்டா ஏப்ரன் பையிலிருந்து விருந்தாளி அட்டையை எடுத்து அவன் கையில் திணித்தாள். அவன் அதைக் கண்ணாடியில் வைத்துவிட்டு மியூசியத்தை நோக்கி ஓடினான்.

லியோன் நாற்காலியை உள்ளே கொண்டுபோய்ச் சமையலறை மேஜை பக்கத்தில் போட்டான். உட்கார்ந்ததும் அது ஆடியது. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நாலாக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தான்.

தட்டில் முட்டைக்கோஸ் சுருளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த வாண்டா குனிந்து பார்த்தாள். "டேய், அது திரும்பிப் போற படகு டிக்கெட்டுடா. எப்படிப் போவ?"

"நீ காருல கொண்டு போயி விடு."

"என் காரு பக்கத்து ஊருல நிக்குது. எடம் போச்சே, நவம்பர் வரைக்கும் ஊருக்குள்ள வராது."

லியோன் ஒரு சுருளை முள்கரண்டியால் குத்தி எடுத்தான். "அப்ப நவம்பர்லயே போறேன்" என்றான்.