பின்வாசல் பயணிகள்

கடலோரத்துச் சுற்றுலா ஊர்கள் மூன்றையும் இணைத்து டிராலிபஸ் விடப்போகிறார்கள் என்றதும் முட்டை அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வடக்கு ஊர் ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு முட்டை போடுகிறவள். சொந்தப் பெயரெல்லாம் யாருக்கு ஞாபகம்? புருஷனுக்குத் தெற்கு ஊர் ஓட்டலில் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை சலவை வேலை. ஆளுக்கொரு ஊழியர் விடுதியில் முடங்கிக் கிடக்க, ஒரே மகள் நடு ஊரில் தங்கை வீட்டில் வளர்ந்தாள். ஆறு வருஷம்! இதெல்லாம் ஒரு குடும்பமா, சொல்லுங்கள்.

பஸ்ஸுக்கென்று தனிப்பாதை, தலைக்கு மேலே மின்கம்பி, நடு ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இருபதே நிமிடம். அக்கா நடு ஊரில் வீடே பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அப்புறம்தான் அட்டவணையை ஒட்டினார்கள். கடைசி வண்டி இரவு பதினொன்றுக்கு, புருஷனுக்குச் சரி. முதல் வண்டி காலை எட்டுக்கு! ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைக்கிறவள் அதை வைத்துக்கொண்டு வேடிக்கையா பார்ப்பாள்?

புதன்கிழமை வேலை முடிந்த கையோடு டிராலிபஸ் அலுவலகத்துக்குப் போய் நின்றாள். அட்டவணை அதிகாரி சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

"மூணு மாசம் ஆள் நிறுத்தி எண்ணியிருக்கோம்மா. எட்டு மணிக்கு முன்னாடி ஈ காக்கா கிடையாது."

"எங்க நின்னு எண்ணுனீங்க?"

"ஒவ்வொரு ஓட்டல் வாசல்லயும்தான்."

"முன்வாசலா?"

"பின்ன?"

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாங்க முன்வாசல்ல கால் வச்சா வேலை போயிடும்மா. நாளைக்கு அஞ்சு மணிக்கு எங்க பின்வாசலுக்கு வாங்க. ஆள் இல்லன்னா நான் வாயே திறக்கல."

வருவாளென்று அக்கா நம்பவில்லை. ஆனால் வந்தாள் புண்ணியவதி, பாதித் தூக்கத்தில். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்டுக் குறித்தாள். ரொட்டி சுடுகிறவர்கள், அறை துடைக்கிறவர்கள், நீச்சல்குளம் கழுவுகிறவர்கள் சைக்கிளும் வேனும் நடையுமாக வந்துகொண்டே இருந்தார்கள். ஆறேகாலுக்கு அக்கா எட்டிப் பார்த்தபோது அவள் மூன்றாவது தாளில் இருந்தாள்.

"அடக் கடவுளே, இது ஒரு ஓட்டல்தானே?"

"இந்தத் தெருவுல இன்னும் பதினோரு ஓட்டல் இருக்கு."

"மேலதிகாரிகிட்ட பேசறேன். உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

வெள்ளி சாயங்காலம் வரை அந்தப் பெண்ணிடமிருந்து போன் வரவில்லை. வருவது வரட்டும் என்று அக்கா வீட்டுக்காரரிடம் சரி சொல்லிவிட்டாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்று புருஷன் போனில் கத்தினார். ஏழு மணிக்கு அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"நாலே முக்காலுக்கு ஒரு வண்டி, மூணு மாசம் சோதனைக்கு. ஆள் ஏறலன்னா நிறுத்திடுவாங்கம்மா."

"நீங்க வண்டிய விடுங்க. ஏத்துறது எங்க பாடு."

முதல் நாளே நிற்க இடமில்லை. நெரிசலில் நுழைந்து வந்த கண்டக்டர் கேட்டார்: "போறதுக்கு மட்டுமா?"

"போகவும் வரவும் குடுங்க. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பணும்ல, எம்பொண்ணு காத்துக்கிட்டிருப்பா."

வீடு என்ற சொல்லை அவள் தனக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ரொட்டிக்காரர் அவளுக்குக் கைப்பிடியை விட்டுக்கொடுத்தார்.