கோட்டுக்கு உள்ளே

கத்தி இறங்கியதும் மீனின் இரைப்பையிலிருந்து ஒரு கரை நண்டு வழுக்கி மேசைமேல் விழுந்தது. ஓடு பாதி கரைந்திருந்தாலும் நண்டு என்று அடையாளம் தெரிந்தது. ஓஷில் அதைக் கத்தி முனையால் தள்ளிக் குடல் வாளியில் விட்டாள். அடுத்த மீனிலும் நண்டு. அதற்கடுத்ததில் நண்டோடு கடற்பாசித் துணுக்கும் இருந்தது. அவள் கை சற்று நின்றது. மீன் கொட்டகை ஜன்னலுக்கு வெளியே அவள் கணவன் யுஸ்டைன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். இவை அவன் பிடித்துவந்த மீன்கள். பாறையோரத்து நண்டைத் தின்ற மீன், அவன் வலை போட்டதாகச் சொன்ன ஆழத்துக்கு எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலையும் இல்லை. ஒவ்வொரு மீனின் துடுப்பிலும் நகத்தளவு வெட்டி, சாராயம் நிரப்பிய சிறு குப்பியில் போட்டு, தெற்கே உள்ள ஆய்வகத்துக்கு விமானத்தில் அனுப்பவேண்டும். அனுப்பினாள்.

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் லொஃபோடன் தீவுகளில் வேறு பேச்சே கிடையாது. வடக்கே பாரென்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிடக் கூட்டம் கூட்டமாக இறங்கிவந்து, முட்டையிட்டதும் திரும்பிப் போகும் காட் மீனை வரத்து மீன் என்போம். எங்கள் உள்கடலிலேயே பிறந்து எங்கும் போகாமல் பெரும்பாலும் பாறையோரமாகவே கிடப்பது தங்கு மீன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே பருவத்தில் ஒரே நீரில் முட்டையிட்டாலும் அவை அவ்வளவாகக் கலப்பதில்லை. வரத்து மீனின் மரபணுவில் ஒரு நீளத் துண்டு முன்பின்னாகத் திரும்பிக் கிடக்குமாம். அதை வைத்து எது எந்தக் கூட்டம் என்று ஆய்வகத்தில் ஒரே நாளில் சொல்லிவிடுவார்கள். தங்கு மீன் அருகிப்போனதால், கலங்கரை விளக்கத்திலிருந்து எதிர்த் தீவு வரை ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். துடுப்புத் துண்டுகளில் வரத்து மீன் போதுமான அளவு இருந்தால்தான் பெரிய படகுகள் அந்தக் கோட்டுக்கு உள்ளே மீன் பிடிக்கலாம். யுஸ்டைனுடையதைப் போன்ற சின்னப் படகுகளுக்குத் தடையில்லை.

முடிவு வந்தது. பாதிக்கு மேல் தங்கு மீன். கோடு மூடியே இருக்கும்.

ஓஷிலின் அண்ணன் ஹால்டோரின் படகு பெரியது. அவன் வெளிக்கடலுக்குப் போனான். அங்கே பக்கவாட்டு அலையில் படகு சாய்ந்தபோது, நாலு குளிர்காலமாக அவனிடம் வேலை பார்க்கும் லித்துவேனியாக்காரன் டாரியுஸின் வலது கை வலை இழுக்கும் வின்ச் உருளைக்கும் கம்பிவடத்துக்கும் நடுவில் போய்விட்டது. மறுநாள் காலை இறங்குதுறையில் அவனை ஆம்புலன்சில் ஏற்றும்போது ஓஷிலும் அங்கே நின்றாள். கையைச் சுற்றியிருந்த துண்டை அவன் யாரையும் தொடவிடவில்லை. தலையை மட்டும் ஆட்டி, பரவாயில்லை, பரவாயில்லை என்று எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வண்டி போனதும் ஹால்டோர் அவளிடம் வந்தான்.

“உள்ள குளத்துத் தண்ணி மாதிரி கிடக்கு. மீனும் அங்கதான் கிடக்கு. நாங்க வெளிய போய்ச் சாகணும்.” அவள் கையுறையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “உன் புருஷன் பிடிச்சான், நீ வெட்டின, கோடு மூடிருச்சு. குடும்பமா நல்லா நடத்துறீங்க.”

ஓஷிலுக்கு வாளிக்குள் தள்ளிய நண்டுதான் கண்ணுக்குள் நின்றது.

வீட்டில் யுஸ்டைன் ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்துக்கொண்டிருந்தான். அவள் பூட்ஸைக் கழற்றாமலே அடுக்களைக்குள் வந்தாள்.

“வலைய எங்க போட்ட?”

“குறிச்சுக் கொடுத்த இடத்துலதான்.”

“அவ்வளவு ஆழத்துல கரை நண்டு ஏது? பாசி ஏது?”

அவன் சீவுவதை நிறுத்தவில்லை. சீவல் மேலும் மேலும் மெல்லியதாக வந்தது.

“டாரியுஸ் கை போச்சு யுஸ்டைன்.”

“அதுக்கு நானா வின்ச்ச சுத்துனேன்?” என்றான். பிறகு கத்தியை வைத்தான். “போன வருஷம் திறந்தாங்களே, ஞாபகம் இருக்கா? மூணே நாள்ல பெரிய படகுக்காரனுங்க வழிச்சு எடுத்துட்டுப் போனானுங்க. என் வலைங்கள நார் நாரா பாறையில பொறுக்கினேன். அவனுங்களுக்கு வடக்க போக முடியும், தெக்க போக முடியும். எனக்கு இந்தத் தண்ணிதான். அந்த மீனுக்கும் இந்தத் தண்ணிதான்.”

“அதுக்காக பாறையோரமா போட்டுட்டு நடுவுல போட்டேன்னு சொல்லுவியா? என் கையாலயே அனுப்ப வைப்பியா?”

அவன் சொன்னதில் பாதி உண்மை என்பது அவளுக்குத் தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. அவன் முன்னாலேயே ஆய்வகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவள் பெயர் பென்டே. குரல் மட்டும்தான் பழக்கம்.

“நான் அனுப்பின நூறு துண்டையும் தூக்கிப் போட்டுருங்க. இடம் தப்பு.”

“தூக்கிடறேன். ஆனா புதுசு வர்ற வரைக்கும் மூடித்தான் இருக்கும்,” என்றாள் பென்டே. சற்று நேரம் தட்டச்சு ஓசை கேட்டது. “காரணம் எழுதணும் ஓஷில். எந்தப் படகு, யாரு?”

ஓஷில் கணவனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயரைச் சொன்னாள்.

தென்மேற்கிலிருந்து புயல் வருவதாக வானொலியில் சொல்லிவிட்டார்கள். வந்தால் ஒரு வாரத்துக்கு யாரும் அசைய முடியாது. மற்ற சின்னப் படகுகளெல்லாம் அதற்குள் வலையை எடுத்துவிட விரைந்து போயிருந்தன. புது மீன் பிடித்துவரத் துறையில் மிஞ்சிய சின்னப் படகு யுஸ்டைனுடையது மட்டும்தான். அவள் கேட்பதற்கு முன்பே அவன் எண்ணெய்ச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் அண்ணனுக்கும் போன் போட்டாள்.

“நீயும் வா. கண்ணால பாரு. அப்புறம் குடும்பம் நடத்துறோம்னு சொல்லாத.”

மூன்று பேரும் கிளம்பினார்கள். வலை போட்டுக் காத்திருக்க நேரமில்லை, தூண்டில் கயிறுதான். குறித்த இடத்தை அடைந்ததும் ஹால்டோர் கருவித் திரையில் எண்களைத் தானே சரிபார்த்தான்.

“இது நிஜமாவே அந்த இடந்தானா மச்சான்? இல்ல இந்த மெஷினுக்கும் ஏதாவது சொல்லிக் கொடுத்து வச்சிருக்கியா?”

யுஸ்டைன் கயிற்றை இறக்கினான். ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்தார்கள். கனத்த மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. ஓஷில் சுக்கான் அறைச் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து வெட்டினாள், குப்பியில் போட்டாள், மூடினாள். ஒவ்வொரு மீனையும் கையிலெடுக்கும்போது இது எது, அதுவா இதுவா என்று அவளையறியாமல் மனம் கேட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தான் எந்த மீன் வரவேண்டும் என்று விரும்புகிறோம் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

சொன்ன நேரத்துக்கு முன்பே காற்று வந்துவிட்டது. எதிர்த் தீவு மறைந்தது. தண்ணீரின் நிறம் மாறியது. “போதும், கட்டு!” என்று ஹால்டோர் கத்துவதற்குள் ஒரு அலை பக்கத்திலிருந்து ஏறி மூவரையும் நனைத்தது. படகு சாய்ந்தது. குப்பிகள் அடுக்கிய தட்டு ஓஷிலின் மடியிலிருந்து நழுவி, மீன்களுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு, தண்ணீர் வடியும் திறப்பை நோக்கிப் போனது. அவளால் எழ முடியவில்லை. ஹால்டோர் மறுபக்கம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் யுஸ்டைன் ஒருவன்தான்.

அவன் தட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். போனால் போனதுதான், புயல் முடிகிற வரை கோடு மூடித்தான் கிடக்கும், யாரும் அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஓஷில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த நொடி அவன் நெடுஞ்சாண்கிடையாக மீன்களின் மேல் விழுந்தான். தட்டின் ஓரத்தை விரல்கள் பிடித்துவிட்டன. மூக்கில் அடிபட்டு ரத்தம் வந்தது. எழுந்து தட்டை அவளிடம் தராமல் ஹால்டோரிடம் நீட்டினான். ஹால்டோர் வாங்கித் தன் சட்டைக்குள் திணித்துக்கொண்டான். திரும்பி வரும் வழி முழுக்க ஒரு கையால் நெஞ்சைப் பொத்தியபடியே இருந்தான்.

புயலுக்கு முந்திய கடைசி விமானத்தில் குப்பிகள் போயின. மறுநாள் வீடு காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தபோது பென்டே கூப்பிட்டாள். ஓஷில் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

“கிட்டத்தட்ட அதேதான் ஓஷில். தங்கு மீன் பாதிக்கு மேல. கோடு திறக்காது.”

அவள் அதை யுஸ்டைனிடம் சொன்னாள். அவன் சிரிக்கத் தொடங்கி, வீங்கிய மூக்கு வலித்ததால் நிறுத்திக்கொண்டான். “அப்போ நடுவுலயே போட்டிருந்தாலும்…” என்றான். உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, அவை வேறு யாருடையவோ என்பதுபோல வெகுநேரம் பார்த்தான். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று ஓஷிலுக்குத் தோன்றியது. அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

புயல் ஓய்வதற்குள் அதிகாரிகளின் முடிவும் வந்தது. பொய் இடம் சொன்னதற்காக அந்தப் பருவம் முழுக்க யுஸ்டைனின் படகு மீன்பிடிக்கப் போகக்கூடாது. கடையில் அவனைப் பார்த்தால் சின்னப் படகுக்காரர்களும் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டாரியுஸுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ஓஷில் அவனுக்குப் போன் போட்டாள். அவன் பரவாயில்லை என்றான்.

காற்று இறங்கிய காலையில் ஹால்டோர் கதவைத் தட்டினான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, ஓஷிலைத் தாண்டி, அடுக்களையில் உட்கார்ந்திருந்தவனிடம் பேசினான்.

“எனக்கு ஒரு ஆள் குறையுது. வெளிக்கடல்தான்.”

யுஸ்டைன் காபிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“பிசாசு பிடிச்சவனே, காது கேக்கலையா? தண்ணி ஏறுது, கிளம்பணும்.”

ஓஷில் மீன் கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். பெரிய படகு மெதுவாக உள்கடலைக் கடந்து, கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, இன்னும் அடங்காத வெளிக்கடலுக்குள் மூக்கை நீட்டியது. முதல் அலையிலேயே முன்தளம் வெள்ளையாக மறைந்தது. நுரை வடிந்தபோது ஆரஞ்சு நிறச் சட்டைகள் இரண்டு தெரிந்தன, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு. அதில் ஒன்று, பழக்கமில்லாத தளத்தில், எதைப் பிடித்துக்கொள்வது என்று கையை நீட்டித் தேடிக்கொண்டிருந்தது.