இரண்டு விரற்கடை வளைவு

“தண்ணிய மெள்ள ஊத்துங்க தம்பி. உசுரோட இருக்கிற மனுசருக்கு ஊத்துற மாதிரி ஊத்துங்க,” என்றார் பள்ளிவாசல் அசரத்.

அலாவுதீன் செம்பைத் தாழ்த்திப் பிடித்தான். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் அத்தாவின் வலது தோளில் விழுந்து கை வழியாக இறங்கியது. கொல்லையில் நாலு கம்பு நட்டுப் போர்வைகளால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். ஆடிச் சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மூஞ்சிக்கல் கடைவீதி முழுக்க மூடுபனி வந்து உட்கார்ந்திருந்ததால், வெந்நீரின் ஆவி எது, பனி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாமா இப்ராம்சா மய்யித்தின், அந்த உயிரற்ற உடம்பின், வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளங்கையைத் துடைக்கப் போனவர் அப்படியே நின்றார்.

“அலாவுதீனு, இங்க பாரு. மச்சான் கையில ஒரு காய்ப்பு இருக்குமே, கல்லு கணக்கா! எங்க போச்சு? பச்சப்புள்ள கை மாதிரியில்ல கெடக்கு.”

“மூணு மாசமா அவரு தடிச்ச ஊசியே தொடலயே மாமா.”

சொல்லிவிட்டு அலாவுதீன் அண்டாவுக்குள் செம்பை விட்டான். தேவைக்கு மேல் நேரம் அதைத் துழாவினான். அந்தக் காய்ப்பு எதனால் வந்தது என்று கடைவீதிக்கே தெரியும். அது எதனால் போனது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவனைப் பெற்ற அத்தா டெய்லர் பிச்சை முகம்மது, பள்ளிக்கூடத்துக் கோட்டும் கால்சட்டையும் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். ஆனால் அந்தக் காய்ப்பு கோட்டுத் தைத்து வந்ததில்லை, படகுப் பாய் தைத்து வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் பொன்னுச்சாமி வாத்தியாருக்கு ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறுக்குப் பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, சந்தனவேம்புப் பலகையை வெந்நீர் ஊற்றி ஊற்றி வளைத்து, செப்பாணி அடித்து, தானே படகு கட்டினார். முதல் படகு ஏரியில் இறங்கிய அன்றைக்கே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊர் சிரித்தது. சிரிக்காதவர் பிச்சை முகம்மது ஒருவர்தான். கரையில் நின்றிருந்தவர், “அடுத்ததுக்குப் பாய் நான் தைச்சுத் தாரேன் வாத்தியாரே,” என்றாராம்.

ஆகாத காரியத்துக்கு ஆள் சேர்வதற்குக் கேட்கவா வேண்டும்! ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போன பழைய பாயைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டு அத்தா வித்தையைப் படித்துக்கொண்டார். உள்ளங்கையில் தோல்பட்டை கட்டி, அதை வைத்துத் தடித்த ஊசியை அழுத்தி அழுத்தி இரட்டைக் காடாத் துணியில் ஏற்றுவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் நேரே ஏரிக்கரைதான். கிழவர்கள் இரண்டு பேரும் அந்தச் சின்னப் படகில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்து, காற்று வரும் திசையைப் பற்றிப் பெரிய சண்டை போடுவார்கள். இதில் காலணா வரும்படி கிடையாது. “எட்டு உருப்படி சோலி கெடக்கு, இந்த மனுசனுக்குத் தண்ணியில விளையாட்டு,” என்று அம்மா மதீனா பீவி தலையில் அடித்துக்கொள்வாள். அலாவுதீன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவனுக்கும் அதே எண்ணம்தான்.

சென்ற மே மாதம், சீசன் படகுப் பந்தயத்துக்காக வாத்தியார் மூன்றாவது படகு கட்டினார். அத்தா கூடத்துத் தரை முழுக்கக் காடாவை விரித்து, மண்டி போட்டுச் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். அன்றைக்குப் பார்த்துப் பழனியில் உறவுக்காரர் ஒருவர் இறந்துபோன மவுத்துச் செய்தி. கிளம்பும்போது அலாவுதீனைக் கூப்பிட்டார்.

“ஏலே, கோடெல்லாம் போட்டாச்சு. வெட்டி, ஓரம் மடிச்சு அடிச்சு வச்சிரு. கோட்டுலயே போ, என்ன?”

அவன் கத்தரியோடு உட்கார்ந்தபோதுதான் கவனித்தான். பாய்மரத்தை ஒட்டி வரவேண்டிய ஓரம் நேராக இல்லை. நடுவில் இரண்டு விரற்கடை வெளியே பிதுங்கிக் கிடந்தது. பாய்மரம் நெட்டுக்குத்தான மரம். அதில் கட்டுகிற துணி நேராகத்தானே இருக்க வேண்டும்? அத்தாவுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது என்று அவன் முடிவு செய்தான். அடுக்கடுக்காகக் கோட்டுத் துணி காத்துக் கிடந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்து, அதிலேயே வெட்டி, ஓரம் அடித்து முடித்தான். அத்தாவின் பிழையை யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையும் பட்டான்.

பந்தயத்தன்று காலையில் வாத்தியார் வந்து பாயை எடுத்துப் போனார். அத்தா பழனி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஏரிக்கரைக்கு வந்தார். மற்றப் படகுகளின் பாயெல்லாம் காற்றை வாங்கி வயிறு தள்ளிக்கொண்டு போனபோது, வாத்தியார் படகின் பாய் மட்டும் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தட்டையாகத் தொங்கியது. அந்த இரண்டு விரற்கடை வளைவுதான் மரத்தில் கட்டியதும் உள்ளே போய்ப் பாய்க்கு வயிறாகும் என்பது அலாவுதீனுக்கு அப்போதுதான் விளங்கியது. வாத்தியார் கடைசியாக வந்து கரை சேர்ந்தார். சீசனுக்கு வந்த கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அவர் பாயைச் சுருட்டி அத்தாவின் காலடியில் போட்டார்.

“கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே ராவுத்தரே! என்னை எதுக்குய்யா நடு ஏரியில அம்மணமா நிக்க வச்சீரு?”

அத்தா குனிந்து, பாயின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். பிறகு மகனைப் பார்த்தார்.

“நான் போட்ட கோட்டுலதானே வெட்டுன?”

சுற்றிலும் ஆட்கள். கோட்டுக்கு அளவு கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள்.

“ஆமத்தா. கோட்டுலதான்.”

“அப்ப எங்கண்ணுதான்,” என்றார் அத்தா.

வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப அள்ளிப் போட்டுக்கொள்ள அவனுக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. அன்று சாயங்காலம் அவன் செய்தது வேறு. கழிவுத் துணி மூட்டையைக் கிளறி, வில் மாதிரி வளைந்த அந்த நீளத் துண்டைத் தேடி எடுத்து, கரி தேய்ப்புப்பெட்டிக்குள் போட்டு எரித்தான். மறுநாள் வெள்ளனே அத்தா தன் பெரிய கத்தரியைக் கொண்டுவந்து அவன் மேஜையில் வைத்தார். “இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்ப்பா.” அதற்குப் பிறகு பொத்தான் தைப்பதைத் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தார். கடை அமைதியானது. வேலை ஒழுங்காக நடந்தது. அந்த ஒழுங்கு அலாவுதீனுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் இப்போது நினைக்க நினைக்க அவனைக் கூச வைத்தது. கடைசிப் பதினைந்து நாள் நெஞ்சுச் சளியோடு படுத்துக் கிடந்த அத்தா, கம்பளிமேல் ஆள்காட்டி விரல் நகத்தால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். வளைந்த கோடு. போடுவார், உள்ளங்கையால் அழிப்பார், திரும்பப் போடுவார். “எங்க தப்புனேன்னு தெரியலயே,” என்று ஒரு தடவை அவனிடமே கேட்டார். அவன் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

“தம்பி, கபன் துணிய நீங்களே வெட்டிக் குடுத்துருங்க. தைக்கிற சோலி இல்ல. நேரா வெட்டுனாப் போதும்,” என்றார் அசரத்.

உடம்பைச் சுற்றும் அந்த வெள்ளைத் துணியை அவன் வெட்டிக் கொடுத்தான். மாமா ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்து, வந்திருந்தவர்களிடம் காட்டினார். “பாத்தீகளா? நூல் புடிச்ச மாதிரி! அத்தா கை அப்படியே வந்துருக்கு.” அலாவுதீனுக்குக் கத்தரியைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை.

கபனிட்டு, அத்தர் தடவி, அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து அவனைக் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது.

“பள்ளிவாசல்ல நாலு பேரு முன்னாடி நின்னு பேசணும்ப்பா. திக்காமப் பேசு. அவரு யாருக்கும் ஒரு கெடுதலும் நெனைக்காத மனுசன்.”

“சரிம்மா.”

பள்ளிவாசல் முற்றத்தில் சந்தூக்கை இறக்கினார்கள். கடைவீதி யாவாரிகள் வரிசையில் நின்றார்கள். வாசல் கேட்டுக்கு வெளியே பள்ளிக்கூடத்து ஆட்களும், மன்னவனூரிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்த இரண்டு சம்சாரிகளும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், கழுத்தில் மப்ளரோடு பொன்னுச்சாமி வாத்தியார். பந்தயத்துக்குப் பிறகு அவர் வீட்டுப்பக்கம் வரவே இல்லை. முகம் வீங்கியிருந்தது.

தொழவைப்பதற்கு முன்னால் வாரிசு சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லும்படி அசரத் கையைக் காட்டினார். அலாவுதீன் சந்தூக்கின் தலைமாட்டில் நின்றான். திக்கத்தான் செய்தான்.

“எங்க அத்தா… சொல்லாலயோ செயலாலயோ யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க. கேக்க வேண்டியது இருந்தா எங்கிட்ட கேளுங்க.”

“மன்னிச்சோம், மன்னிச்சோம்,” என்று வழக்கம்போல முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அசரத் தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திரும்பப் போனார்.

“நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?”

கேட்டுக்கு வெளியே இருந்து வாத்தியார்தான். அசரத் தலையசைத்தார்.

“ராவுத்தர் எனக்கு ஒரு பாய் தைச்சாரு. அது சரியா அமையல. அன்னிக்குக் கரையில வச்சு ஊரு கேக்க அவரை ஏசிட்டேன். மூணு மாசமா வீம்பு புடிச்சு எட்டிக்கூடப் பாக்கல. அந்தப் பாயை நான் மனசார மன்னிச்சுட்டேங்க. வயசானா யாருக்கும் கோடு தப்பும். அவருதான் என்னை…” வாத்தியார் மப்ளரை வாயில் அழுத்திக்கொண்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைச் சுமந்தவர் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அவர் செய்யாத பிழைக்கு இப்போது ஊரறிய மன்னிப்பும் கிடைத்துவிட்டது. அலாவுதீன் தன்னை மீறித்தான் பேசினான்.

“அது அத்தா தப்பு இல்ல. அவரு சரியாத்தான் கோடு போட்டாரு. நான்தான் நேரா வெட்டிட்டேன்.”

வாத்தியார் உடைந்து அழுதார்.

“கேட்டீங்களா! செத்த பிற்பாடும் அத்தா பேருல ஒரு சொல்லு நிக்கக்கூடாதுன்னு தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறான் பாருங்க!”

“இல்லங்க வாத்தியாரே, நிசமாத்தான் சொல்றேன்…”

“எப்பா, உன் கட்டிங் எனக்குத் தெரியாதா? இந்தா நான் போட்டிருக்கிற கோட்டே நீ வெட்டுனதுதானே. ஒரு நூலு விலகுவியா நீ? ராவுத்தரே எனக்குச் சொல்லியனுப்பினாரே, பய நான் சாக்குக்கட்டியால போட்ட கோட்டுலதான் வெட்டுனான், அவனை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு.”

“புள்ளன்னா இப்படியில்ல இருக்கணும்,” என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். “மாஷா அல்லாஹ், சாலிஹான நல்ல பிள்ளை,” என்றார் அசரத். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மாமா அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. அத்தா கேட்டபோது பொய் சொன்னேன், வெட்டின துண்டை எடுத்து எரித்தேன் என்று சொன்னால் ஒருவரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். அது நாக்கு நுனிவரை வந்தது. அத்தனை கண்களும் அவனைப் பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் தலையைக் குனிந்தான். குனிந்ததும் அவர்களுக்கு இன்னும் நல்ல பிள்ளையாகத் தெரிந்தான். நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. அது இறங்கியது சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததை அவன் உணர்ந்தான். அதைவிடக் கேவலமாகத் தன்னை அவன் ஒருநாளும் கண்டதில்லை.

“அல்லாஹு அக்பர்,” என்று அசரத் தக்பீர் கட்டினார். எல்லோரோடும் சேர்ந்து அவனும் கைகளை உயர்த்தினான்.

அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்கு ஏற்றம். சந்தூக்குத் தூக்குகிறவர்கள் பத்தடிக்கு ஒரு தரம் தோள் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். மற்ற மூன்று மூலையிலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. முன்பக்க வலது மூலைக்கு யாராவது கை நீட்டினால், “விடுங்கப்பா, மகன் தூக்கட்டும். அந்தப் பாக்கியம் அவனுக்குத்தான்,” என்று மாமா விலக்கினார். சாரல் மறுபடியும் பிடித்தது. பொன்னுச்சாமி வாத்தியார் மூச்சு வாங்க ஓடி வந்து, தன் குடையை அலாவுதீனின் தலைக்கு மேலே பிடித்தார். மேட்டில் கால் வழுக்க வழுக்க, முழுக்க நனைந்தபடி, கையை இறக்காமல் அவன் பக்கத்திலேயே நடந்து வந்தார்.