நாற்பத்தொன்றாம் எண் போன்

வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுகள் அறுபத்துநாலு பேர் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஆளுக்கொரு போன். அதைக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, பழசானால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, பாகம் பாகமாகப் பிரிக்கும் கூடத்துக்கு அனுப்பிவைப்பது, எல்லாம் ஒரே பெண்ணின் பொறுப்பு. அவளிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சார்ஜரைத் தொலைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வருகிறவர்கள் என்பதால், சார்ஜர் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளைவிட எட்டு வயது பெரியவரான மேனேஜரே ஒருநாள் மீட்டிங்கில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த வருஷம் எல்லோருக்கும் புதுப் போன் வந்தது. புதுசை வாங்க ஓடி வந்தவர்கள் பழசைத் தரும்போது மட்டும் நொண்டிச் சாக்குச் சொன்னார்கள். ஒருத்தி, மாமியாரிடம் கொடுத்துவிட்டேன், திரும்பக் கேட்டால் வீட்டில் ரகளையாகிவிடும் என்றாள். சார்ஜர் அக்கா விடவில்லை. மாமியாரிடமே பேசினாள். இது ஆபீஸ் பொருளம்மா, நோயாளிகளின் விவரமெல்லாம் இதில் இருக்கிறது என்று ஆற அமர எடுத்துச் சொன்னதும் அந்த அம்மா மறுநாளே துடைத்துக் கொடுத்தனுப்பிவிட்டார். ஐந்து வாரத்தில் அறுபத்துநாலும் வந்து சேர்ந்தன.

வாங்குவதில் இருந்த கறார் அனுப்புவதில் இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழித்தவளுக்கு ஐந்து போன்கள் மட்டும் மசியவில்லை. எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் உயிர் வரவில்லை. அப்படிப்பட்டதை, உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாதபடி மெஷினில் வைத்து நடுவில் துளை போட்டுவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். மெஷினோ ரிப்பேருக்குப் போய் ஒரு மாதம். வேறு மூன்று போன்களில் பேட்டரி உப்பி, பின்மூடி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவற்றைத் தனியாக அனுப்ப வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் வாசலில் வண்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அரக்கப் பரக்க எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கி, அறுபத்துநாலும் அழிக்கப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினோரு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போகிற நேரத்தில் பிரிக்கும் கூடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். போனின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஆபீஸ் நம்பர் இருந்ததாம்.

"உங்க கம்பெனி போன் ஒண்ணு என்கிட்ட இருக்குங்க. நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. உயிரோட இருக்கு."

சார்ஜர் அக்கா பட்டியலைப் பார்த்தாள். நாற்பத்தொன்று அந்த ஐந்தில் ஒன்று. அதை வைத்திருந்த நர்ஸ், கையுறையோடு அழுத்த முடியவில்லை என்று ரகசிய எண் பூட்டையே எடுத்துவிட்டவள். யார் திறந்தாலும் திறக்கும். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, அவசரமாக வெளியே போக வேண்டும் என்று மட்டும் மேனேஜரிடம் சொல்லி, ஓடிப்போய் பஸ் ஏறினாள். வழி நெடுக, போனைத் திருப்பித் தர அந்தப் பெண் என்ன கேட்பாள் என்பதே நினைப்பாக இருந்தது.

பிரிக்கும் கூடம் ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஒரே நீள அறை. இரண்டு பக்கமும் பெஞ்சுகள். திரைகள் ஒரு தட்டில், கேமராக்கள் ஒரு டப்பாவில், திருகாணிகள் ஒரு கிண்ணத்தில். கூப்பிட்ட பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அவளே எழுந்து வந்து, ஏப்ரன் பையிலிருந்து துணியில் சுற்றிய போனை எடுத்துக் கொடுத்தாள். வேறொரு பேட்டரி நல்லதா கெட்டதா என்று பார்க்க இந்தப் போனில் மாட்டினாளாம். படக்கென்று திரை எரிந்ததாம்.

"பேரு, தெரு, என்ன மாத்திரை, சாவியை எங்க வெச்சிருக்காங்க, எல்லாம் இருக்குக்கா. முதல் ரெண்டு வரி படிச்சதும் அணைச்சுட்டேன். அவங்கள்லாம் எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாதவங்கதானே?"

உங்கள் முதலாளியிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாள் சார்ஜர் அக்கா. கொடுத்தால் அது மேசையில் கிடக்கும், வருகிறவர் போகிறவரெல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள் என்றாள் அவள்.

"நானே அழிச்சிருப்பேன். அழிச்சுட்டா உங்களுக்குத் தெரியாமலே போயிடும். அடுத்த தடவையும் இப்படித்தான் வரும்."

நன்றி சொல்லி, ஏதாவது கொடுக்கலாம் என்று கைப்பையைத் திறந்தவளின் கையை அவள் மெதுவாகப் பிடித்து நிறுத்திவிட்டு, பக்கத்து பெஞ்சைக் காட்டினாள். அங்கே இருந்தவள் அவளுடைய நாத்தனார். வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு.

"உங்க பெட்டியில அடியில உப்பின பேட்டரி இருந்ததுக்கா. இவ நெம்பினதும் தீப்பிடிச்சுக்கிச்சு. அதை மட்டும் தனியா, மண்ணு போட்ட டப்பாவுல அனுப்புங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

சார்ஜர் அக்கா கைப்பையை மூடினாள். தன் அவசரத்தால் எவள் நாத்தனாரின் கை வெந்ததோ, அவளே தன் மானத்தைத் துணியில் சுற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். நாத்தனாரின் முன்னால் போய், தெரிந்தே வைத்தேன், தப்பு என்னுடையதுதான் என்றாள். பூசி மெழுகவில்லை. அந்தப் பெண் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"வலி இப்போ தேவலை. ஒரு வாரமா பாத்திரம் கழுவறதெல்லாம் எங்க அண்ணன்தான். அதுக்காக உங்களை மன்னிக்கலாம்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சார்ஜர் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மூன்று பேருமாக உட்கார்ந்து அந்தப் போனை அழித்தார்கள். கடைசியில் திரை, இன்றுதான் பிறந்ததுபோல வணக்கம் சொன்னது. அதற்குப் பிறகுதான் அண்ணி திருப்புளியை எடுத்தாள். மிச்சம் நாலையும் பெட்டியில் தேடி எடுத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அங்கிருந்த மெஷினிலேயே நடுவில் துளை போட்டார்கள்.

ஆபீசுக்குத் திரும்பியதும் சார்ஜர் அக்கா நேரே மேனேஜரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தெரிந்தே பொய்யாகக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தபடி, எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும் என்றார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. நாத்தனாரின் வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, அதைக் கேட்கவே வேண்டாம் என்றார்.

அந்தப் போனில் இருந்த பத்தொன்பது வீடுகளையும் அன்றைக்கும் மறுநாளும் அவளே கூப்பிட்டாள். உங்கள் விவரம் எங்கள் கையை விட்டுப் போயிருந்தது, ஒரு நல்லவள் கையில் கிடைத்துத் திரும்பி வந்துவிட்டது, ஆனாலும் சாவியை இடம் மாற்றிவிடுங்கள் என்று சொன்னாள். இரண்டு பேர் சத்தம் போட்டார்கள், வாங்கிக்கொண்டாள். படுக்கையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், மறைக்காமல் சொன்னாயே அம்மா, சாவி எங்கே இருக்கிறது என்பது எனக்கே மறந்துபோயிருந்தது, நல்லவேளை ஞாபகப்படுத்தினாய் என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்தவளைப் பாராட்டி அவளுடைய முதலாளிக்கு ஒரு கடிதம் போடலாமா என்று மேனேஜர் கேட்டார். சார்ஜர் அக்கா முதலில் அவளிடமே கேட்டாள். போடுவதானால் நாத்தனாரையும் சேர்த்துப் போடச் சொன்னாள் அவள். தனக்கு மட்டும் வந்தால் நாத்தனார் வீட்டில் காலம் பூராவும் சொல்லிக்காட்டுவாளாம். கடிதம் இரண்டு பேருக்குமாகப் போனது.

அடுத்த முறை டேப்லட்டுகள் பத்து போக வேண்டியிருந்தது. துளை மெஷின் சரியாகி வந்திருந்தது. உப்பிய பேட்டரி இரண்டு. மண் நிரப்பிய தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வண்டிக்காரர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தாள் சார்ஜர் அக்கா. ஹார்ன் அடிக்க அவருக்கு வாய்ப்பே இல்லை. கூடத்தில் நாத்தனார் கட்டு அவிழ்த்த கையால் டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, தலையை ஆட்டினாள். பிறகு பெஞ்சில் கிடந்த திருகாணிக் கிண்ணத்தை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தாள்.

"உட்காருங்கக்கா. டீ சொல்லியிருக்கோம்."