தூங்குகிற பிள்ளையிடம் சொன்னது

அப்பா செத்தபோது முத்தமிழ்செல்வன் ஆறு மாதம் ஆளாகவே இல்லை. அரியலூரில் பஸ் ஏறிப் பெரம்பலூர் காலேஜுக்குப் பாடம் நடத்தப் போவான், வகுப்பில் நின்று அழுவான். அந்த நேரத்தில்தான் பழைய கிரேக்கத்து ஸ்டோயிக்குகளைப் படித்தான். எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார், இல்லாததற்கு அழாதே என்ற கூட்டம். ரோமாபுரியில் அடிமையும் அதைப் படித்தான், சக்கரவர்த்தியும் படித்தான். இன்றைக்கு மனநல டாக்டர்கள் சொல்வதில் பாதிக்கு வேர் அங்கேதான்.

சரி, படித்ததோடு நின்றிருக்கலாம். பிள்ளையைக் கொஞ்சும்போது 'நாளைக்கு நீ இல்லாமல் போகலாம்' என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வது அந்த ஸ்டோயிக்குகளின் பயிற்சி. மனசுக்குள்! இந்த மனுஷனுக்கு வாத்தியார் புத்தி, வாய்விட்டுச் சொன்னால்தான் எதுவும் ஏறும். மகள் தமிழ்மொழி தூங்கியதும் நெற்றியில் முத்தம் வைத்து அதையே தினமும் சொன்னான். விளக்கேற்றுகிற வீட்டில் சொல்கிற சொல்லா அது? "மொதல்ல வாயக் கழுவுங்க" என்று ஒருநாள் பெண்டாட்டி வினோதினி கத்தினாள். இது தத்துவம், உனக்குப் புரியாது என்று சிரித்தான்.

ஸ்கூல் வாசலில் சுண்ணாம்புக்கல் லாரி தமிழ்மொழியை அடித்துப் போட்டது. எட்டு வயசு.

துக்கத்துக்கு வந்தவர்கள் நீட்டிய கையெல்லாம் தொட்டு அனுப்பினான், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பயிற்சி பலித்துவிட்டதென்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, பாவி.

காரியம் முடிந்த மறுநாள் வினோதினி உடையார்பாளையத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். போனால் திரும்ப மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வாசலை மறித்தான்.

"நான் சொன்னதாலயா செத்தா? வெறும் சொல்லு எப்புடி கொல்லும் வினோ?"

"கொல்லாதுங்க. அது எனக்கும் தெரியும்." பையைக் கீழே வைத்தாள். "ஆனா அவ தூங்கலைங்க. நீங்க முத்தம் குடுக்க வருவீங்கன்னு கண்ண மூடிக்கிட்டு முழிச்சிருப்பா. 'அப்பா ஏம்மா என்னைய இல்லாமப் போவச் சொல்றாரு, நான் என்ன தப்பு பண்ணேன்'னு எங்கிட்ட கேட்டா. அன்னிக்குத்தான் நான் கத்துனது."

"நீ என்ன சொன்ன?"

"அப்பா சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாருன்னேன். நம்பல. அதுலேருந்துதான் சொல்லாமலே வீட்டுப்பாடம் முடிச்சா, தட்ட தானே கழுவுனா. நீங்க பாக்கலையா?"

பார்த்திருந்தான். எவ்வளவு சமத்து என்று மெச்சியும் இருந்தான்.

"அய்யோ தமிழு, அப்பா ஒன்னப் போவச் சொல்லலடி!" என்று தரையில் விழுந்து கத்தினான். தெருவே ஓடி வந்தது. வினோதினி பையை எடுத்துக்கொண்டு, அவனைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்தாள்.