ராக்கெட் மெஷினில் மூன்று எழுத்து

ஈரத்துணியால் நான் ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே ஜேம்ஸ் வந்து நின்றுவிட்டான். தொண்ணூற்று நாலாம் வருஷத்தின் கடைசி நாள், சனிக்கிழமை. மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆவடி மார்க்கெட் ரோட்டில் கேக் விற்கிறவன் எங்கள் கடை வாசலிலேயே மேஜையைப் போட்டு வழியை அடைத்திருந்தான். அவனிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டு முடித்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் கையில் இருந்ததால் ஸ்லேட்டு நன்றாகவே சுத்தமானது.

"அக்கா, இந்த வாட்டியாவது டாங்கி வருமா வராதா?" என்றான் ஜேம்ஸ்.

"வராது. போய் உன் வேலையப் பாரு."

"போன வருஷமும் இதத்தான் சொன்னே. நாங்க அம்பது பேரு பாக்டரிலேர்ந்து வந்து ஆடறோம். எங்களுக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?"

ஜேம்ஸுக்கு டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவோடு இருந்தான். காலையில் நிஜ டாங்கிக்கு போல்ட் முடுக்கிவிட்டு சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்து டிவியில் பொம்மை டாங்கி ஓட்டுவான். ஓட்டும்போதெல்லாம் புலம்புவான்: "கொழாய் திரும்பணும்க்கா, ஒடம்பு திரும்பக் கூடாது. எவன் செஞ்சான் இத?" அந்த விளையாட்டு படுமோசம் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் வருஷா வருஷம் அதற்காக என்னிடம் வாதாடுவான்.

வருஷக் கடைசியில் 'வடிவுக்குப் பிடிச்ச அஞ்சு' என்று எழுதி அந்த ஸ்லேட்டைக் கடைக்கு வெளியே மாட்டுவது என் வழக்கம். அப்பா சண்முகசுந்தரம் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த வீடியோ கேம் கடையை வைத்தார். கல்லாவில் அவர் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான். கேசட்டின் மேல் ஜப்பான் எழுத்து ஒட்டியிருக்கும், யாருக்குப் புரியும்? அதனால் பெயரெல்லாம் நாங்களே வைத்ததுதான். அந்த வருஷம் ஐந்தாவது இடம் 'மாடிப்படி'க்கு. மேலேயிருந்து பூந்தொட்டி விழ விழ ஒரு ஆள் ஏறிக்கொண்டே இருப்பான், ஏறி என்ன செய்வான் என்று கடைசிவரை தெரியாது, ஆனாலும் பாவமாக இருக்கும். நாலாவது 'சாமியார் சண்டை'. மூன்றாவது 'பூந்தமல்லி ரோடு': ஒரு தவளை லாரிகளுக்கு நடுவில் ரோட்டைத் தாண்ட வேண்டும். குமணன்சாவடியில் ரோடு தாண்டிப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது 'கொத்தனார்'. மேலேயிருந்து விழும் கல்லைத் திருப்பித் திருப்பி அடுக்குவது. மனசு சரியில்லாத நாளில் அதை ஆடினால் தலைக்குள்ளும் ஏதோ அடுக்கி வைத்தது மாதிரி இருக்கும்.

இவற்றை எழுதிவிட்டு முதல் இடத்தைக் காலியாக விட்டேன். அது ராக்கெட்டுக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். தினமும் அதை ஆட வருகிற ஆனந்தன் வந்தபின் அவன் கண்ணெதிரே எழுத வேண்டும், எழுதிவிட்டு அவனிடம் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அன்று காலையில் தலைக்குக் குளித்திருந்தேன். அப்பாகூடக் கேட்டார், "இன்னாடி விசேஷம்?" என்று. புது வருஷம் என்று சொன்னேன். நாளைக்குத்தானே என்றார். அவருக்கு எதற்கும் ஒரு கேள்வி உண்டு.

ராக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் டிவியில் ஆடுவது. ராக்கெட் மட்டும் ஆளுயர மர அலமாரி மாதிரி மூலையில் நிற்கிற மெஷின். பாறைகளுக்கு நடுவே ராக்கெட்டை ஓட்டிப் போக வேண்டும். கடையிலேயே அது ஒன்றுதான் ஆடுகிறவரின் பெயரைக் கேட்கும். நல்ல ஸ்கோர் எடுத்தால் மூன்று ஆங்கில எழுத்தைப் போடச் சொல்லும். ஒவ்வொரு எழுத்தும் A-யில் தொடங்கும். லீவரைத் தட்டத் தட்ட அடுத்தது வரும். இருபதிலிருந்து எண் இறங்கும். அதற்குள் போடாவிட்டால் மெஷினே AAA என்று போட்டுவிடும். எங்கள் பையன்களுக்கு அவசரம் ஜாஸ்தி, ஆகவே பாதிப் பட்டியல் AAA-வாகத்தான் இருக்கும்.

ஆனந்தன் ஆவடி ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸில் இருந்தான். அந்த வருஷ ஜனவரியில்தான் முதலில் வந்தான். ஆறு மணிக்கு டூட்டி முடிந்து நேரே வருவான். விரல் நகத்தில் எப்போதும் ஊதா மை இருக்கும். நாளெல்லாம் என்னதான் எழுதுவானோ, அதை நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். மற்றவர்கள் என்னை அக்கா என்பார்கள்; அவன் வந்த அன்றே பெயரைக் கேட்டான். "எஸ். வடிவு" என்றேன். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் சொன்ன பழக்கம், இன்னும் போகவில்லை.

அவன் சிரித்துவிட்டான். "இனிஷியலோடவா சொல்லுவாங்க? எப்டியும் மாறப்போற இனிஷியல்தானே அது."

முப்பத்தொரு வயதில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. முப்பத்தொன்று என்றால் இனி மாறாது என்றுதான் ஊரில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் அவன் ராக்கெட்டில் முதலாவதாக வந்தான். லீவரைத் தட்டி மூன்று எழுத்தைப் போட்டுவிட்டுப் போனான். டோக்கன் எண்ணுகிற சாக்கில் நான் போய்ப் பார்த்தேன்.

AVD.

A, ஆனந்தன். VD, வடிவு. ஏ. வடிவு! என் இனிஷியலை மாற்றிப் போட்டிருந்தான். டோக்கன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன்; அப்பா ஓடி வந்தார், பையன்கள் எல்லாம் பொறுக்கிக் கொடுத்தார்கள். கடையை மூடும்போது மெயினை அணைத்தால் ஸ்கோரெல்லாம் அழிந்துவிடும். மறுநாள் அவன் வந்து திரும்பவும் அதையே போட்டான். அதற்கு மறுநாளும். ஒரு வருஷம் ஒரு மனுஷன் தினம் தினம் வந்து ஒரே மூன்று எழுத்தைப் போட்டால் நான் வேறென்ன நினைப்பேன், சொல்லுங்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆவடியில் என்னை மிஞ்சி ராக்கெட் ஓட்ட ஆள் கிடையாது. ஆனந்தனின் ஸ்கோரை நான் அரைத் தூக்கத்தில் தாண்டுவேன். ஆனால் அந்த வருஷம் முழுக்க, AVD-க்கு ஒரு பாறை கீழே இருக்கும்போதே வேண்டுமென்று முட்டிச் செத்தேன். "நீ வேணும்னே உடறேக்கா" என்று ஜேம்ஸ் கண்டுபிடித்துக் கத்தினான். வாயை மூடு என்று அவனைத் துரத்தினேன்.

ஐப்பசியில் அத்தை வேம்புலியம்மாள் நூம்பலிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். திருவேங்கடம் என்று பெயர், லாரி ஷெட் வைத்திருந்தார், முதல் சம்சாரம் தவறியவர். பெண் பார்க்கிற சாக்கில் கடைக்கே வந்தார். 'பூந்தமல்லி ரோடு' ஆடிப் பார்க்கட்டுமா என்று கூச்சத்தோடு கேட்டார். முதல் லாரியிலேயே தவளை அடிபட்டது. "நானே லாரிக்காரன், என் கதி பாத்தீங்களா" என்று தன்னையே சொல்லிச் சிரித்தார். நல்ல மனுஷர். அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. வேண்டாம் என்றேன். அப்பா காரணம் கேட்டதற்கு மீசை பிடிக்கவில்லை என்றேன். அத்தை, "இவளுக்கு மீசைய வெச்சிகினு இன்னா வேல!" என்று தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். கார்த்திகையில் அவருக்கு வேறு இடத்தில் நிச்சயமாயிற்று. தை மாதத்துக் கல்யாணத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை வந்தது, காலண்டர் ஆணியில் மாட்டியிருந்தோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துளி வருத்தம் வரவில்லை. அந்த மாதத்திலிருந்து நான் மெயினை அணைப்பதை நிறுத்திவிட்டேன்; டிவிகளை மட்டும் அணைத்துவிட்டு ராக்கெட் மெஷினை ஓடவிட்டேன். கடை பூட்டியிருக்கும்போதும் இருட்டில் அந்த எழுத்து எரிந்துகொண்டிருக்கட்டும் என்று ஆசை.

அன்று ஆறேகாலுக்கு ஆனந்தன் வந்தான். கையில் மைசூர்பாகு பாக்கெட். நான் ஸ்லேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"இன்னா வடிவு, ஃபர்ஸ்ட் எடம் காலியா கீது?"

"நீ ஆடிட்டு வா. அப்பறம் எழுதறேன்."

"எனக்காகவா வெயிட் பண்றே? அப்போ நல்லா ஆடணும்" என்றான்.

நல்லாவே ஆடினான். நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பாறைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி அவனுடைய பழைய ஸ்கோரையே தாண்டினான். மெஷின் பெயர் கேட்டது. A மின்னியது. அவன் லீவரைத் தட்டினான். B, C, D. இவன் எங்கே போகிறான் என்று நினைத்தேன். J-யில் நிறுத்தினான். அடுத்தது T. மறுபடி J.

முதலில் JTJ. அதற்குக் கீழே AVD.

"யாரு அது?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எது?"

"ஜே டி ஜே."

"ஓ, அதா! ஜோலார்பேட்டை. ட்ரான்ஸ்பர் போட்டுட்டாங்கோ வடிவு, நேத்துதான் ஆர்டர் வந்திச்சி. பொங்கலுக்குள்ள அங்க போய் ஜாயின் பண்ணணும். அம்மாவுக்கும் அந்தப் பக்கம்தான் சொந்த ஊரு, சந்தோஷம் தாங்கல. அதான் ஸ்வீட்டு." பாக்கெட்டைப் பிரித்து நீட்டினான். "எடு."

நான் எடுக்கவில்லை. "அப்போ ஏ வி டி?"

"ஆவடி. வேற இன்னா? ஸ்டேஷன் கோடு அது. நாள் பூரா பார்சல் மேல அதத்தானே எழுதிகினு கீறேன், கை தானா போட்டுரும்." நகத்து மையைக் காட்டினான். பிறகு சிரித்துக்கொண்டே, "ஒரு வருஷமா பாத்துகினு கீறியே, தெரியாதா? நீ இன்னான்னு நெனச்சே?"

அந்தக் கேள்வியை அவன் கெட்ட மனசோடு கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏமாற்றியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இந்த மனுஷன் ஒரு தப்பும் செய்யவில்லையே! பார்சல் எங்கேயிருந்து கிளம்புகிறது என்று எழுதுகிற எழுத்தை ஒருத்தன் பழக்கத்தில் தட்டியிருக்கிறான், நான் அதில் தாலி கட்டிக்கொண்டு ஒரு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

"ஒண்ணும் நெனைக்கல," என்றேன். "எவனோ ஒருத்தன் பேருன்னு நெனச்சேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்லக் குறைந்தது. தலைக்குக் குளித்த என் முடியை, கையிலிருந்த சாக்பீஸை, ஸ்லேட்டில் காலியாக இருந்த இடத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஏதோ புரிந்ததோ, பாதி புரிந்ததோ, எனக்குத் தெரியாது. "வடிவு..." என்று ஆரம்பித்தான். அப்புறம், "உன்ன மாதிரி ஆடறவங்கள நான் எங்கியும் பாத்ததில்ல" என்றான்.

"அப்பாவுக்கு ஸ்வீட்டு குடு. சுகர் கெடையாது அவருக்கு."

அப்பா இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டைத் தண்ணீர், கிளைமேட் எல்லாம் விசாரித்தார். ஆனந்தன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, போகும்போது திரும்பிப் பார்த்தான். நான் ஸ்லேட்டுக்கு முன்னால் நின்றிருந்தேன். முதல் இடத்தில் 'டாங்கி' என்று பெரிதாக எழுதினேன். சாக்பீஸ் உடைந்தது. மிச்சத்தால் எழுதி முடித்தேன்.

ஜேம்ஸ் கத்திக்கொண்டு கடையைச் சுற்றி ஓடினான். ஓடிவந்து எதிரில் நின்றவன் திடீரென்று குரலைத் தாழ்த்தினான். "அக்கா, ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அழறியே."

"சாக்பீஸ் தூசி. நீ கெளம்பு, சர்ச்சுக்குப் போவணும்ல."

அவன் போனான். பையன்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அப்பா டிவிகளை அணைத்துக்கொண்டே வந்தார். எனக்கு நூம்பல்காரரின் தவளை ஞாபகத்துக்கு வந்தது. என் கதி பாத்தீங்களா என்று அவர் சிரித்த சிரிப்பு. பத்திரிகை காலண்டர் ஆணியில் காற்றில் ஆடியது. அப்போதுதான் எனக்கு நிஜமாக அழுகை வந்தது. அப்பாவுக்கு முகத்தைக் காட்டாமல் இருக்க ராக்கெட் மெஷினில் டோக்கனைப் போட்டு நின்றுகொண்டேன்.

ஒரு வருஷமாக அடக்கி வைத்த கை. கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் பாறைகளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன, இருந்தும் ஒன்றில்கூட முட்டவில்லை. AVD-யைத் தாண்டினேன். அது மூன்றாவது இடத்துக்கு இறங்கப் போகிறது என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. JTJ-யைத் தாண்டினேன். அதற்கு மேலும் போனேன், நான் ஒருநாளும் பார்த்திராத பச்சை நிறப் பாறைகள் வந்தன. யாரும் பார்க்கவில்லை. கடைசி ராக்கெட் வெடித்தபோது மெஷின் பாட்டு ஒன்று பாடிவிட்டுப் பெயர் கேட்டது.

A மின்னியது. இருபது, பத்தொன்பது.

S வேண்டும். எஸ். வடிவு. A-யிலிருந்து S-க்குப் பதினெட்டுத் தட்டு. நடுவில் J-யைக் கடந்துதான் போக வேண்டும். லீவரைப் பிடித்தேன். ஆனந்தனின் உள்ளங்கைச் சூடு இன்னும் அதில் இருப்பதாகத் தோன்றியது, இருந்திருக்காது.

"வடிவு," என்றார் அப்பா, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "எல்லாத்தியும் அமத்திட்டேன். அந்தப் பொட்டியையும் இன்னிக்கு அமத்திடட்டுமா?"

ஒன்பது. எட்டு. A இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.